ஒரு வருஷத்துக்கென்று அனுப்பிய ஆள்

இன்று கல்முனை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சலீம். எண்பதுகளில் எங்கள் மருதமுனைக் கூடைப்பந்து அணியில் இருந்த ஒரே உயரமான ஆள்.

அப்போது எங்களுக்குத் தோல்விமேல் தோல்வி. அணியைப் புதிதாகக் கட்டவென்று, கெப்டனான நான் சலீமை ஒரு வருஷத்துக்குக் கல்முனை அணிக்குக் கொடுத்து, இரண்டு இளசுகளை வாங்கினேன். தாளில் எதுவும் எழுதவில்லை. எல்லோருமாகக் குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதினோம், ஒப்பந்தம் முடிந்தது.

பிறகு வெல்லத் தொடங்கினோம். எங்கள் ஊர் நெசவுத் தறிநூலில் பின்னிய வலைக்குள் பந்து விழும் சத்தம் இப்போதும் கனவில் கேட்கும்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, அண்ணன் என்ற முறையில் என்னைக் காக்கா என்றழைத்து, சலீம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வருசம் எண்டுதானே காக்கா அனுப்பின நீங்க? கூப்புட ஒருத்தரும் வரல்ல. நான் வருசா வருசம் வெளாட்டுச் சப்பாத்தக் கழுவிக் காய வெச்சன்."

இதைப் படிக்கும் மருதமுனை அணியின் பழைய ஆட்டக்காரர்களே, ஒப்பந்தப்படி அவர் இன்னும் நம் ஆள்தான். அவரை அழைத்து ஒரு ஆட்டம் போட, பந்து யாரிடம் இருக்கிறது?