பதினோரு மண் திட்டுகள்

1940 மழையில் மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் ஏரியின் கரை உடைந்தது. இங்கிலாந்துச் சீமையில் ஒரு சங்கம் வசூலித்த நிவாரண நிதி மராமத்துக்கு வந்தது. காண்டிராக்டர் அர்ச்சுனன். வேலையைக் கண்காணித்த மேஸ்திரி என் அப்பா சென்னப்பன்.

கரைக்கு மண் எடுக்கும் குழிகளில் நடுவே ஒரு திட்டைத் தோண்டாமல் விடுவார்கள். பழைய தரைமட்டத்துக்கு அது சாட்சி. அதன் உயரத்தை அளந்துதான் வெட்டிய மண்ணுக்குப் பில் போடுவார்கள். அர்ச்சுனன் பதினோரு திட்டுகளின் தலையிலும் ஒரு முழம் மண் ஏற்றி, மேலே புல் பதித்துவிட்டான். நாலரை அடிக் குழி, அளவுப் புத்தகத்தில் ஆறடி ஆனது. ஓவர்சியர் கையெழுத்துப் போட்டார்.

அப்பா சங்கத்துக்கு மனு எழுதினார். விசாரிக்க ஒரு துரை வருவதாகப் பதில் வந்தது. துரை வருமுன் அளவு சரியாக இருக்க வேண்டும் என்று, முந்தின நாளே மண்வெட்டியோடு குழியில் இறங்கி, ஏற்றிய மண் முழுவதையும் வழித்து எறிந்துவிட்டார்.

“பாருங்க தொர, இவரே திட்டுத் தலையச் சீவிப்புட்டு என்னையத் திருடங்கிறாரு!” என்றான் அர்ச்சுனன்.

அப்பாவிடம் காட்ட எதுவும் இல்லை. துரை நிதியை நிறுத்திவிட்டுப் போனார். அப்பாவுக்கு வேலை போயிற்று. மண் சுமந்தவர்களுக்கு இரண்டு வாரக் கூலி வரவில்லை.

“ஏனுங்க மேஸ்திரி, உங்க நாயத்த ஒலையில போட்டா வேகுங்களா?” என்று வாசலில் வந்து கேட்டாள், மண் சுமந்த ராமக்காள். ஊரார் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அம்மா முன்பே இறந்திருந்தாள். நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். அறுப்புக்கு ஆள் வராததால் அப்பா ஒரு ஏக்கர் கேழ்வரகைத் தனியாகவே அறுத்தார். உப்பு வாங்கக்கூடப் பாலக்கோட்டுக்கு நடந்தார்.

1946-இல் இன்ஜினீயரிங் முடித்து வந்தேன். சோறு போட்டுவிட்டு, முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு நான் சொன்னேன்: “ஒரே ஒரு திட்ட மேலருந்து கீழ வரைக்கும் பொளந்து வுட்டிருந்தாப் போதுங்கப்பா. ஏத்துன மண்ணுக்கு அடியில பழைய புல்லு வேரு வரி மாதிரி தெரிஞ்சிருக்கும்.”

அப்பா கேட்டார்:

“அப்ப நாந்தான் கெடுத்தனா?”

“ஆமாங்கப்பா.”

கணக்குப்படி அது சரியான விடை. அதற்குப்பின் இரண்டு வருடம் இருந்தார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போன மாதம் இறந்தார். “அர்ச்சுனன் திருடினான் என்று நீங்கள் சொன்னது உண்மை” என்று அவரிடம் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் இருந்தேன். சொல்லவில்லை.