இன்னொரு பாதித் தேங்காய்

நாடகம் எழுதுறதெண்டா, ஊருக்கே தெரிஞ்ச கெட்ட செய்திய ஒருத்திக்கு மட்டும் தெரியாம கொஞ்ச நேரம் வெச்சிருக்கிற வேலை. மத்த நேரம் நான் கல்முனையில ஒரு ஹாட்வெயார் கடையில பெயின்ட் கலக்கிறவன். எழுதுற வருத்தம் உங்களுக்கும் இருந்தா நான் பட்ட பாடு விளங்கும். இல்லாட்டி, தப்பினம் எண்ட ஆறுதலோட வாசிங்க.

மூணு பக்கம் அழுகை

கடற்கரைச் சங்கத்து விழாவுக்கு ஒரு நாடகம் கேட்டாங்க. கதை சின்னதுதான். கடலுக்குப் போன ஒருத்தன் மௌத்து. உடம்பு ஜனாஸாவா வீட்டுக்கு வர முதல் அவன்ட தம்பி போய், காக்காட பொஞ்சாதி மதினியிட்டச் செய்தியச் சொல்லணும். அந்தத் தம்பி வேஷத்துக்கு நிசார் தானாவே வந்து நிண்டான். போட்டில கடல் தொழிலுக்குப் போறவன், மேடை ஏறினதே இல்ல.

ராவுப் பள்ளிக்கூடத்தில நான் படிச்ச தமிழ் முழுக்கக் கொட்டி, அவனுக்கு மூணு பக்கம் அழுகை எழுதிக் குடுத்தன். வலை தைக்கிற இடத்தில வெச்சி வாசிச்சுக் காட்டினம். அங்க வலை தைக்கிற கிழவர் மீராசாகிபுக் காக்கா, வலையில இரிந்து கண்ண எடுக்காமலே சொன்னார்: "அவனே எல்லாத்தையும் அழுது முடிச்சிட்டான். எங்களுக்கு என்ன தம்பி மிச்சம் வெச்சிரிக்கீங்க?"

திரைக்குப் பின்னால லத்தீப்

மதினிக்கு ஆள் கிடைக்கல்ல. எங்கட மேடையில பொம்புளைப் புள்ள ஏறாது. ஆம்புளைக்குச் சாரி கட்டிவிட்டா, ஜனாஸா வர முதலே ஹோல் சிரிச்சி முடிச்சிடும். யோசிச்சி, மதினிய குசினிக்குள்ளயே வெச்சிட்டன். வாசல்ல ஒரு திரைச்சீலை. அதுக்குப் பின்னால, புருஷன்ட சோத்துக்கு ஆணம் ஆக்க, தேங்காய் திருவுற சத்தம் மட்டும். சத்தம் கேக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்டும் தெரியா. சத்தம் நிண்டா, தெரிஞ்சிட்டெண்டு அர்த்தம்.

திருவுறதுக்கு ஹோட்டல்ல சமைக்கிற கோக்கி லத்தீபப் புடிச்சன். கல்யாணச் சோறு ஆக்கிற கை அது. நிசார் சலாம் சொல்லிக் கதிரையில இரிக்க முதலே தேங்காய் முடிஞ்சி வெறும் சிரட்டை சுரண்டுற சத்தம் வருது. லத்தீப் திரையால தலைய நீட்டினான்: "காக்கா, ஒண்டில் கதையக் குறைங்க. இல்லாட்டி இன்னும் ஆறு தேங்கா எடுங்க."

வராத வசனம்

வெட்டி வெட்டி, பாதித் தேங்காய்க்கு அளவாக் கொண்டு வந்தன். நிசார் வாறான். தண்ணி கேக்கிறான். கொடியில காயிற காக்காட சேர்ட்டப் பாக்கிறான். பிறகு ஒரேயொரு வசனம்: "காக்கா மௌத்து, மதினி." ஒத்திகையில ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில அவன்ட வாய் கட்டிப்போயிடும்.

"வேற ஆளப் போடுவமா?" எண்டு கேட்டன். அப்பதான் சொன்னான். ஆறு வருஷத்துக்கு முதல் அவன்ட சொந்தக் காக்கா கடல்ல மௌத்தானவர். மதினி கதீஜாவுக்குச் செய்தி கொண்டுபோனது இவன். ஓடிப்போய், வாசல் கேட்டடியில நிண்டே கத்திட்டான். அன்டையில இரிந்து மதினிட முகத்த நேராப் பாத்ததில்லையாம். "இந்தத் தடவ மெதுவாச் சொல்லிப் பாக்கணும், காக்கா. ஆள மாத்தாதீங்க."

ரெண்டாம் வரிசை

விழா அன்டைக்கு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பாடசாலை ஹோல். பொம்புளைங்கட பக்கத்தில கதீஜா வந்து இரிக்கா. நான் கூப்பிடல்ல. நிசாரும் கூப்பிடல்ல. திரை இடுக்கால கண்டிட்டு அவன் வெளுத்துப்போனான்.

மேடையில தண்ணி குடிச்சான். சேர்ட்டப் பாத்தான். உள்ள கற, கற எண்டு சத்தம். வாயத் திறந்தான், மூடினான். திரும்பவும் திறந்தான், மூடினான். அப்பிடி நான் எழுதல்ல. உள்ள தேங்காய் முடியப்போகுது. ரெண்டாம் வரிசையில மீராசாகிபுக் காக்கா மேடையப் பாத்து, பக்கத்து வீட்டாளோட கதைக்கிற மாதிரிச் சொன்னார்: "கொஞ்சம் பொறு மனே. அவள் திருவி முடிக்கட்டும்."

கதீஜா கேட்ட கேள்வி

சொன்னான். மெதுவாத்தான் சொன்னான். சத்தம் நிண்டிச்சு.

முடிஞ்ச பிறகு கதீஜா நேர எங்களிட்ட வந்தா. நிசார் நிலத்தப் பாத்துக்கிட்டு, "அன்டைக்குக் கத்திட்டன், மதினி" எண்டான். "நீங்க எப்பயும் கையில மீனோட வாற ஆள்" எண்டா அவ. "அன்டைக்கு வெறுங்கையோட ஓடி வாறத குசினி ஜன்னலால கண்டன். நீங்க கத்த முதலே எனக்குத் தெரியும், தம்பி." நிசார் தலைய நிமித்தி அவட முகத்தப் பாத்தான். அவ என்ட பக்கம் திரும்பினா: "அந்தப் புள்ள ஏன் திருவுறத நிப்பாட்டிச்சு? நான் நிப்பாட்டல்ல. அரிச்ச அரிசியையே திரும்பத் திரும்ப அரிச்சிக்கிட்டு இரிந்தன்."

அடுத்த மேடையில செய்திக்குப் பிறகும் சத்தம் நிக்கல்ல. ஆக, இத்தினை வருஷம் எழுதி நான் கண்டுபுடிச்சது, லத்தீப் முதல் நாளே சொன்ன மாதிரி, கூடத் தேங்காய் எடுத்திருக்கணும் எண்டதுதான்.