சட்டையைக் காப்பாற்றிய முதுகு

ஈரத்தோல் தூக்குகிறவனுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே அது பிடித்துக்கொள்ளும் அன்றுதான் தெரியும். இடுப்பில் பிளாஸ்திரியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பிளாஸ்திரி

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாக, தோலுக்கு ஒரு முனகலாகத் தூக்குகிறேன். இரண்டு முறை முதுகு பிடித்தது. மூன்றாம் முறை, குனிந்தவன் நிமிரவே இல்லை. குனிந்தபடியே கேட் வரை நடந்தேன். தூக்கும் முறையை மாற்று, முதுகைப் பலப்படுத்து என்றார் டாக்டர். சூப்பர்வைசர் அவ்வளவெல்லாம் பேசவில்லை.

"இன்னொரு வாட்டி பிடிச்சுதுனா வேற ஆள் போட்டுக்குவேன். நீ வூட்லயே இரு."

தள்ளி நின்றவன்

எங்கள் தெரு ஜிம்மில் கோச் கிடையாது. தரையில் கிடக்கும் கம்பியை நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்டைச் செல்போனில் பார்த்தே கற்றேன். டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து என்னையே வீடியோ எடுத்தேன். கம்பி காலை உரசியே வர வேண்டுமாம். எனக்கோ ஒரு சாண் தள்ளி வந்தது. காரணம் பிடிபடவில்லை.

என் மனைவி செல்வி அந்த வீடியோவை ஒரே தடவைதான் பார்த்தாள். பதனிடும் மருந்தால் தோலில் வடியும் நீலத் தண்ணீர் படாமலிருக்க நாங்கள் தள்ளித்தான் பிடிப்போம். அப்படியும் கறையாகிற சட்டையைத் துவைப்பவள் அவள்.

"கம்பியில இன்னா சாயமா ஒழுகுது? சட்டைய நான் தொவச்சிக்கிறேன், நீ கிட்ட போய் நில்லுய்யா."

வெடுக்

கிட்டே நின்றும் வலி போகவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. தோலின் மறுமுனையை என்னோடு பிடிக்கும் ரஃபீக்கிடம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவைக் காட்டினேன். அடுக்கில் ஈரத்தோல்கள் ஒட்டிக்கிடக்கும். வெடுக்கென்று இழுத்தால்தான் பிரியும். கம்பியையும் அப்படியே இழுத்துக்கொண்டிருந்தேன். அவன் சிரித்த சிரிப்பில் சோறு சிதறியது.

"தோஸ்த், இரும்பு இன்னாத்துல ஒட்டிக்கினு கீது? மெதுவா எடு!"

சத்தமில்லாத மத்தியானம்

எடையைப் பாதியாக்கி, மூச்சை அடக்கி, காலால் தரையை மிதித்து, மெதுவாக எழப் பழகினேன். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், நான் மடங்கிப்போன அதே இடத்தில் ஒரு பெரிய அடுக்கு. ஓரத்தை முதலில் பிரித்துவிட்டு, தோலை வயிற்றோடு அணைத்துத் தூக்கினோம். கடைசித் தோலை வைத்துவிட்டு நிமிரவே பயமாக இருந்தது. நிமிர்ந்தேன். ஒன்றுமில்லை. அழுகையே வந்துவிட்டது. அப்போது சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"டேய், இங்கதான் கீறியா? உன் முனகல் கேக்கல, முதுகு பிடிச்சு வூட்டுக்கு பூட்டியோனு வேற ஆளுக்கு போன் போட்டுட்டேன்!"

ஒன்பது வருஷமாக முதுகைக் கொடுத்துச் சட்டையைக் காப்பாற்றியிருக்கிறேன்; இப்போது சட்டை முழுக்க நீலம், முதுகில் பிளாஸ்திரி இல்லை.