ஆளுக்கொன்றாகப் பிரிந்த ஸ்பீக்கர் ஜோடி: காரைக்காலில் ஒரு சனிக்கிழமை

ஐந்து வருடங்களாக நான் தேடிக்கொண்டிருந்த ஜப்பான் ஸ்பீக்கர் ஜோடி காரைக்காலில் விற்பனைக்கு இருக்கிறது என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். கனத்த பாஸ் ஒலிக்குப் பன்னிரண்டு அங்குல ஊஃபர், தேக்கு நிறப் பெட்டி, ஒவ்வொன்றும் இருபத்தெட்டு கிலோ. மாடலின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் விலை ஏறிவிடும். இரண்டுக்கும் சேர்த்து நாற்பத்திரண்டாயிரம் கேட்டிருந்தார்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறே முக்காலுக்குக் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். ஒன்பது மணிக்கு இறங்கிவிட்டேன்.

பையில் டார்ச், ஐந்து மீட்டர் ஒயர், சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு பென்சில் பேட்டரி. பழைய ஸ்பீக்கர் பார்க்கப் போகிறவர்களுக்கு இவை போதும்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். விற்பவர் ஜலாலுதீன், அறுபதை நெருங்குபவர். அவருடைய வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர்கள். கூடத்தில் ஒன்று மட்டும்தான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கங்க?"

"அது தம்பி பாகம். கீழவாஞ்சூர்ல இருக்கு" என்றார், வீட்டு மனையைப் பற்றிப் பேசுவதுபோல.

ஆறு வருடங்களுக்கு முன் பாகம் பிரித்தபோது பீரோ, கட்டில், அண்டா எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்பீக்கரும் இரண்டு இருந்ததால் ஆளுக்கொன்று. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. விற்பதற்கு மட்டும் ஒரு உறவினர் மூலம் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் இருந்தது பழைய படம்.

இரண்டையும் ஒரே அறையில் கேட்காமல் நான் வாங்குவதில்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது. "அவன் இங்க வரமாட்டான். நீங்களே போய்க் கொண்டாங்க."

லோடு ஆட்டோ ஓட்டுநர் செல்வம் கும்பகோணம் வரை மூவாயிரத்து இருநூறு கேட்டார், கீழவாஞ்சூர் போய்வருவதும் சேர்த்து. பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் துறைமுகத்து நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக முக்கால் மணி நேரம் பிடித்தது. தம்பி ஹமீது அங்கே டயர் கடை வைத்திருக்கிறார். பெட்டியைப் பளபளவென்று துடைத்து, கடைக்குள் போர்வை போர்த்தி வைத்திருந்தார்.

"மூணு வருசம் முன்ன உள்ள ஒயரு துருப்புடிச்சிப் போச்சு. மெக்கானிக்க வச்சிப் புதுசு போட்டேன். நல்லாப் பாடுதுங்க" என்றார்.

அவர் பைக்கில் பின்னால் வந்தார். ஆனால் அண்ணன் வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

முதலில் ஊஃபரை இரு கைவிரல்களாலும் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். இரண்டிலும் உரசல் இல்லை. பிறகு பேட்டரியை ஸ்பீக்கரின் பின்பக்க ஒயர் முனைகளில் தொட்டேன். அண்ணனுடைய ஊஃபர் வெளியே எட்டிப் பார்த்தது. அதுதான் சரி. தம்பியுடையது உள்ளே போனது. மெக்கானிக் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தனியாகக் கேட்டால் தெரியாது, சேர்ந்து பாடும்போதுதான் பாஸ் செத்துவிடும். பின்பக்கம் ஒயரை மாற்றிச் செருகினால் போதும், ஒரு நிமிட வேலை.

நான் மாற்றாமல் போனில் ஒரு கச்சேரிப் பாட்டைப் போட்டேன். கொஞ்சம் கேட்டுவிட்டு மாற்றலாம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நம்ப விரும்புகிறேன்.

மிருதங்கம் தகர டப்பாபோல ஒலித்தது. பாடுபவரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

ஜலாலுதீன் எழுந்துவிட்டார். "கேட்டீங்களா? வாப்பா புள்ள மாதிரி வச்சிருந்த சாமான். கரித்தூள்ல போட்டுக் கெடுத்து வச்சிருக்கான்!"

கேட்டுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "நான் கெடுத்தேனா? மொட்டமாடி ரூம்ல வெயில்ல போட்டு வேகவச்சது யாரு? உங்களுதுதான் செத்துப் போச்சு நானா!" அண்ணனை அங்கே நானா என்றுதான் அழைக்கிறார்கள். ஆறு வருடத்தில் அவர்கள் நேராகப் பேசிய முதல் பேச்சு இதுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"வாப்பா கடைசி மூச்ச விடுறப்பவும் கடையக் கட்டிக்கிட்டு அழுதவன்தானே நீ!"

"அவருக்கு மருந்து வாங்குனது எந்தக் கடைக் காசுலன்னு கேளுங்க!"

நான் வாயைத் திறந்தால் சண்டை நின்றுவிடும். விலையும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"குடுக்குறதக் குடுத்துட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடுங்க மேடம்" என்றார் ஜலாலுதீன்.

"இருபத்து நாலு" என்று சொன்னது என் குரல்தான். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்தேன். ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பிவிட்டோம்.

பதினான்கு கிலோமீட்டரில் அம்பகரத்தூர். டீ குடிக்க நிறுத்தினார் செல்வம்.

"நாப்பத்திரண்டு சொன்னத இருவத்தி நாலுக்கு முடிச்சிருக்கீங்க. அப்பறம் ஏன்க்கா மூஞ்சி இப்புடி இருக்கு?"

சொன்னேன். அவர் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். "அப்ப அவங்க ரெண்டு பேரும் சாவுற வரைக்கும் நீ கெடுத்த, நீ கெடுத்தன்னு கெடப்பாங்க."

"வண்டியைத் திருப்புங்க."

"எண்ணூறு கூட ஆவும்க்கா."

மூன்று மணிக்கு மறுபடி அந்தக் கூடத்தில் ஒயரை மாற்றிச் செருகினேன். அதே பாட்டு. பாடுபவர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், எங்களுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். மிருதங்கம் தரையில் அதிர்ந்தது. பாட்டு முடியும்வரை ஜலாலுதீன் அசையவில்லை.

"காலையிலயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழு விலையும் தருகிறேன் என்றேன், அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அவன் மேல தப்பில்ல. அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."

ஸ்பீக்கர்களை மறுபடி ஏற்றிக்கொண்டு கீழவாஞ்சூர் போனோம். ஹமீது ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை நிமிராமலே கேட்டுக்கொண்டார். நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"தப்பில்லன்னு அவரு வாயால சொன்னாரா?"

"ஆமாங்க."

கையைத் துணியில் நெடுநேரம் துடைத்தார். பிறகு கல்லாவிலிருந்து என் பன்னிரண்டாயிரத்தை எடுத்து நீட்டினார். "கோவிச்சுக்காதீங்க. என் பாகத்த நான் விக்கல. ரெண்டையும் நானா வீட்டுலயே எறக்கிடச் சொல்லுங்க. அவரு கேக்கட்டும்."

முழு விலை தருவதாக அவரிடமும் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அவர் கடைப் பையனை அழைக்காமல் தானே வந்து, வண்டியில் பெட்டிகள் ஆடாதபடி ஒரு பழைய டியூபால் இறுக்கிக் கட்டினார்.

இரண்டையும் ஜலாலுதீன் வீட்டில் இறக்கியதும் அவரும் என் பன்னிரண்டாயிரத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஆறு பத்து பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பினேன். பஸ் நூற்று முப்பது, ஆட்டோ எண்பது, சாப்பாடு நூற்றுப் பத்து, கும்பகோணம் வரை வராததால் செல்வத்துக்குப் பேசித் தீர்த்து இரண்டாயிரத்து அறுநூறு. நல்லது செய்த நிறைவெல்லாம் வரவில்லை. அந்த மிருதங்கம் என் வீட்டில் ஒலித்திருக்கலாம் என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது. அதைவிட, இருபத்து நான்கு என்று சொன்ன என் குரலின் நிதானம் எனக்குப் பிடிக்கவில்லை.

போகிறவர்களுக்கு: இரண்டு ஸ்பீக்கரும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றனவா என்று கிளம்புமுன் போனில் கேளுங்கள். கடலோர ஊர்களில் உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி வைத்துப் பார்க்கும்போது விற்பவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, தெரிவதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அம்பகரத்தூர் போய்த் திரும்பிவந்து சொல்வதற்கு எண்ணூறு ரூபாய் கூட ஆகிறது.