சிவப்பில்லாத வட்டம்

காசிமேட்டில் கிருஷ்ணப்பனுக்கு ‘ஏர்போர்ஸ்’ என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டான். சண்டைக் காலத்தில் அவன் விமானத்தில் ஏறியதில்லை. விமானப் படையின் லாரிக் கொட்டகையில் பெயிண்ட் டப்பா தூக்கினான், அவ்வளவுதான். ஜப்பான்காரன் அடையாளம் சிவப்பு வட்டம். நம் விமானத்திலும் லாரியிலும் போட்டிருந்த நீல வட்டத்துக்கு நடுவிலும் சிவப்பு இருந்தால் மேலே பறக்கிற நம்மாளே சுட்டுத் தொலைப்பான் என்று ஒரு நாள் உத்தரவு வந்தது. நடுவில் இருந்த சிவப்பை வெள்ளை அடித்து மறைக்கிற வேலையை இவனிடம் கொடுத்தார்கள். அந்தச் சண்டையில் கிருஷ்ணப்பனின் பங்கு அந்த வெள்ளைதான்.

சண்டை முடிந்து வருஷங்கள் ஓடியும் அதை அவன் இறக்கி வைக்கவில்லை. படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போன இடத்திலெல்லாம், சொந்தக்காரன் கேட்ட நிறம் தப்பு என்று சண்டை போட்டுவிட்டு வந்தான். கடைசியில் வீட்டோடு உட்கார்ந்து, துறைமுகத்தில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகையில் குட்டி லாரி செய்ய ஆரம்பித்தான். நிஜ லாரியில் ஓர் அடி என்றால் இதில் அரை அங்குலம். சாம்பல் நீலம், மூக்கில் வெள்ளை எண், இருட்டடிப்பு நாளில் தெரிவதற்காக மட்கார்டு ஓரத்தில் வெள்ளைக் கோடு, விஷப்புகை பட்டால் நிறம் மாறுமாம் என்று ஒரு மஞ்சள் கட்டம். கதவில் வட்டம், நடுவில் வெள்ளை. எதையும் விற்கமாட்டான். பலகைத் தட்டில் வரிசையாக நிறுத்திவிட்டு, பார்க்க வந்தவனைத் திட்டுவான்.

அவன் பெண்சாதி பூவம்மா மீன் கூடை சுமந்து சோறு போட்டாள். இந்த வருஷம் கூரை மக்கிவிட்டது. படுத்தால் வானம் தெரிந்தது. மழை இறங்குவதற்குள் மாற்றாவிட்டால் அடுப்பும் பாயும் தண்ணீரில்தான்.

திருவொற்றியூர் ரோட்டில் முப்பிடாதி அண்ணாச்சிக்குப் பொம்மைக் கடை, பக்கத்திலேயே கீற்றுக் கிடங்கு. லாரியைக் கொடுத்துவிட்டுக் கீற்றை எடுத்து வரலாம் என்று பூவம்மா புருஷனைத் தரதரவென்று இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள்.

அண்ணாச்சி ஒரு லாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா எழவு வீட்டுக்குப் போற வண்டி மாதிரில்லா இருக்கு. இந்த வட்டத்துக்கு நடுவுல கொஞ்சம் சேப்பு வையேன்.”

கிருஷ்ணப்பன் துள்ளினான். “இன்னா அண்ணாச்சி பேசற? சேப்பு வெச்சா மேலேந்து குண்டு போட்ருவான்!”

“யாரு? என் கடை மேலயா?”

பூவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சண்ட முடிஞ்சி போச்சின்னு இந்தாளுக்கு எவனும் சொல்லல அண்ணாச்சி.”

“சேப்பு வச்சுக் கொண்டாங்க, கீத்து தாரேன். இல்லைன்னா வீட்டுல வச்சு நீங்களே ஓட்டி விளையாடுங்க.”

வழியெல்லாம் கிருஷ்ணப்பன் முழங்கினான். “கடைக்காரனுக்கு இன்னா தெரியும்? உசுரே போனாலும் சேப்பு வெக்கமாட்டேன்.”

“உன் உசுரு எதுக்குய்யா போவுது? நனையப் போறது என் அடுப்பு.”

மறுநாள் காலை அவன் டீக்கடைக்கு யாருக்கோ உபதேசம் செய்யப் போயிருந்தான். படகு வேலையில் மிஞ்சி மூலையில் கிடந்த சிவப்புப் பெயிண்ட் டப்பாவைப் பூவம்மா திறந்தாள். தூரிகை பிடித்து அவளுக்குப் பழக்கமில்லை. மோதிர விரலால் தொட்டு, நெற்றிக்குக் குங்குமம் வைப்பதுபோல ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பொட்டு வைத்தாள். காய்ந்ததும் மீன் கூடையைக் கழுவி, லாரிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அவன் திரும்பியபோது கூரைமேல் ஆள் உட்கார்ந்து கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தான். தட்டு காலி.

“ஏய், ஏர்போர்சுக்கே துரோகம் பண்ணிட்டியேடி!”

“ஏர்போர்ஸ் வந்து கூர போட்டுச்சா? வழிய வுட்டு நில்லு, கீத்து தலைல வுழும்.”

அன்று அவன் சாப்பிடவில்லை. இனி லாரியைத் தொடுவதில்லை என்று சூளுரைத்தான். மழை இறங்கிய வாரத்தில், நனையாத பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தான். எழுந்து வெளியே மட்டும் போகவில்லை.

லாரி அத்தனையும் விற்றுப்போய், பொங்கலுக்கும் வேண்டும் என்று அண்ணாச்சி ஆளனுப்பினார். கிருஷ்ணப்பன் இரண்டு நாள் முறைத்தான். மூன்றாம் நாள் ரம்பம் எடுத்தான். பழையபடி நீலம், எண், மஞ்சள் கட்டம், நடுவில் வெள்ளை வட்டம். முடித்து வரிசையாக நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டுவான்.

“காத்து வாங்கினு வரேன்.”

அவள் டப்பாவைத் திறப்பாள். திரும்பி வரும்போது உள்ளே நுழையாமல் வாசலில் நின்று பலமாக இருமுவான்.

“இன்னும் காயல. இன்னொரு ரவுண்டு போய்ட்டு வா.”

போய்விட்டு வருவான்.