கெஸியா சொல்லாத பிழை

குன்னூர் பெட்ஃபோர்டில், ஒரு பேக்கரியின் மாடியில், தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே கெஸியாதான் மூத்தவள். கோயம்புத்தூரில் எம்.சி.ஏ. முடித்த கையோடு சேர்ந்தவள். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்குப் போனபோது, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் அவள் மலையிலேயே தங்கிவிட்டாள். அதற்காக அவள் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. "கெஸியாகிட்டக் கேளுங்க" என்று முதலாளி பிரைட்டன் யாரிடமாவது போனில் சொல்வது காதில் விழுந்தால், அன்றைக்குச் சோறு ஒரு பிடி அதிகமாகவே இறங்கும்.

கூடலூரிலிருந்து ஃபாயிஸா வேலைக்கு வந்த பிறகு, அந்தப் பேச்சில் பெயர் மாறிப்போனது.

தேயிலை மூட்டைக்கு எடைச் சீட்டு அடிக்கும் நிரல் கெஸியா எழுதியது. நிரலுக்குள்ளே தனியாக ஓடும் ஒரு த்ரெட் தராசைக் கவனிக்கும், அதேபோல இன்னொரு த்ரெட் பிரிண்டரைக் கவனிக்கும். எடை வந்துவிட்டதா என்று பிரிண்டரின் த்ரெட் அடிக்கடி எழுந்து பார்த்து, வரவில்லையென்றால் மறுபடி தூங்கும். வேலை நடந்தது, ஆனால் மந்தம். மூட்டை தராசை விட்டு இறங்கி வெகுநேரம் கழித்துத்தான் சீட்டு வரும். ஃபாயிஸா அதைப் பிரித்துப் போட்டு, கண்டிஷன் வேரியபிள் என்ற உத்தியை வைத்து எழுதினாள். இனி பிரிண்டர் எழுந்து எழுந்து பார்க்க வேண்டாம்; எடை வந்ததும் தராசின் த்ரெட்டே தட்டி எழுப்பும். சோதித்துப் பார்த்த அன்று, மூட்டையை வைத்ததுமே பிரிண்டர் சீட்டை நாக்கு மாதிரி நீட்டியது.

"இத்தனை வருசமா இது ஏன் நமக்குத் தோணலைங்க?" என்று பிரைட்டன் சிரித்தார். 'நமக்கு' என்றுதான் சொன்னார். கெஸியாவின் காதில் 'உனக்கு' என்று விழுந்தது.

"கெஸியாக்கா எழுதுனது அவ்ளோ தெளிவா இருந்துச்சு சார், அதான் மாத்த லேசாப் போச்சு," என்றாள் ஃபாயிஸா.

அதையாவது அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதன்பிறகு கெஸியாவுக்கு அவளிடம் எதுவுமே பிடிக்கவில்லை. டப்பாவைத் திறந்ததும் அறை முழுக்கப் பரவும் நெய்ச்சோற்று வாசம் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடமும் போனில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் அந்தக் குரல் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, ஃபாயிஸா எழுதியதைத் திறந்து வைத்து வரிவரியாகப் படித்தாள். கற்றுக்கொள்வதற்காகப் படிக்கவில்லை. ஒரு தப்பாவது கிடைக்காதா என்று படித்தாள். கிடைத்தது.

தூங்கப் போகுமுன் எடை இருக்கிறதா என்று பிரிண்டர் 'இஃப்' போட்டு ஒரு முறை பார்க்கிறது. தட்டி எழுப்பியதும், மறுபடி பார்க்காமல் நேராக எடுக்கப் போய்விடுகிறது. 'வைல்' போட்டிருந்தால் விழித்தபிறகும் பார்த்து, இல்லையென்றால் திரும்பத் தூங்கியிருக்கும். ஒரே பிரிண்டர் என்றால் இதில் தொந்தரவு வராது. இரண்டு இருந்தால் ஒரே தட்டலில் இரண்டும் விழிக்கும். முந்தியது எடையை எடுத்துக்கொள்ளும், பிந்தியது வெறும் இடத்தைத் துழாவும். நிரலை அடுத்து மாட்டப்போகும் பிக்கட்டி தொழிற்சாலையில் இருப்பது இரண்டு பிரிண்டர்.

கெஸியா லேப்டாப்பை மூடினாள். அப்பாவுக்கு டீ போடும்போது ஒரு கீர்த்தனை தானாக வாயில் வந்தது.

திங்கட்கிழமை அவள் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

நிரலை மாட்டிய அன்றே பிக்கட்டியிலிருந்து போன் வந்தது. இரண்டு பெண்களும் ஜீப்பில் போய் இறங்கியபோது சூப்பர்வைசர் பாலகுமார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏனுங்க மேடம், ஒரு பிரிண்டர்ல சரியா வருது, இன்னொண்ணுல சைபர்னு அடிக்குதுங்க. லாரி ஏலத்துக்குப் போகோணும், ஆளுக எல்லாம் சும்மா நிக்கறாங்க."

ஃபாயிஸா உட்கார்ந்து எதையெதையோ மாற்றிப் பார்த்தாள். சுமை தூக்குகிறவர்களில் ஒருவன் சத்தமாகவே ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் கண் கலங்கியது. கெஸியா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது இதைத்தான். கொஞ்ச நேரம் அது இனிக்கவும் செய்தது. பிறகு, "தள்ளு" என்று சொல்லி உட்கார்ந்து, ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். அதற்கப்புறம் சைபர் வரவில்லை.

"அக்கா!" ஃபாயிஸாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வந்து உக்காந்ததும் எப்டிக்கா கண்டுபிடிச்சீங்க? எனக்கு நாளெல்லாம் பாத்தாலும் கிட்டியிருக்காது. சார்கிட்ட நானே சொல்றேன், நீங்க பாருங்க!"

தோற்ற இடத்தில் ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா? அதைத்தான் கெஸியாவால் தாங்க முடியவில்லை.

"ஞாயித்துக்கெழமையே பாத்துட்டேன்," என்றாள்.

"எதை?"

"இந்தத் தப்பை."

ஃபாயிஸா திரையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொல்லத் தோணலை."

திரும்பும்போது ஃபாயிஸா முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். குன்னூர் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பிரைட்டனிடம் கெஸியா சரிசெய்ததை மட்டும் சொன்னாள், எதையும் போட்டுக்கொடுக்கவில்லை. அவர் கெஸியாவை வாயாரப் பாராட்டினார். அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஃபாயிஸா அவள் மேஜைக்கு வந்து நின்றாள்.

"மேடம், புதுசா எழுதினதை உங்களுக்கு அனுப்பியிருக்கேன். இனிமே நீங்க பாக்காம எதையும் மாட்டமாட்டேன். எங்கிட்ட தப்பு இருந்தா வேற யாரையும்விட உங்க கண்ணுலதான் மொதல்ல படும்."

அவள் குரலில் கோபம் இல்லை, அக்காவும் இல்லை. கெஸியாவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் திறந்து படித்தாள்.

அந்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. அலுவலகத்திலிருந்து போகும் நிரல்களைப் பற்றித் தொழிற்சாலைகளிலிருந்து புகார் வருவது அநேகமாக நின்றுபோனது. இரண்டு பேரும் சேர்ந்தால் இப்படித்தான் என்று பிரைட்டன் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். கெஸியாவின் வயிற்றெரிச்சல் மட்டும் தணியவில்லை. ஃபாயிஸா அனுப்பும் ஒவ்வொன்றையும் இன்றைக்கும் அவள் ஒரு தப்புக்காகப் பசியோடுதான் படிக்கிறாள். கிடைத்தால் அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுகிறாள். ஒன்றுமே கிடைக்காத நாட்களில், டீயை ஆறவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்குகிறாள்.