சிறுத்தை என்று எழுத மறுத்தவர்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவரை உவமையக்கா என்றுதான் கூப்பிடுவோம். பிழை திருத்த வந்தவர். வாரா வாரம் வரும் கார் பக்கத்தை எழுதியவர் வேறு வேலைக்குப் போனதும், ஆசிரியர் அதை அக்காவின் தலையில் கட்டினார். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. "ஓட்டுறதப் பத்தி ஓட்டுறவங்க சொல்லட்டும். பார்க்க எப்படி இருக்குன்னு சொல்ல எனக்குக் கண்ணு போதும்" என்றார்.

கம்பெனிகள் அனுப்பும் குறிப்புகளில் எல்லாக் காரும் பாயும் சிறுத்தைதான். அக்கா அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார். "இத்தனை சிறுத்தை தெருவுல திரிஞ்சா, நாம எப்படிக் காய் வாங்கப் போறது?" என்பார். ஒரு சின்னக் காரைப் பற்றி, 'கூட்டமான பேருந்தில் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர் போல' என்று எழுதினார். இன்னொன்றின் விளக்குகள், 'மதியத் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாமனாரின் கண்கள்' ஆயின. கார் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் அந்தப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்கள்.

வினை ஒரு பெரிய காரில் ஏறி வந்தது. எங்களுக்கு நிறைய விளம்பரம் தரும் கம்பெனியின் புதுக் கார். அக்கா காட்சிக்கூடத்துக்குப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் கம்பீரம் என்று ஒப்புக்கொண்டார். பின்பக்கத்தைப் பற்றி இப்படி எழுதினார்: 'ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அமுக்கி மூடிய பெட்டி. சட்டைக்கை ஒன்று வெளியே தொங்குகிறது.'

பத்திரிகை வெளிவந்ததும் கம்பெனியின் விளம்பர மேலாளர் நேரில் வந்துவிட்டார். பக்கம் அமைப்பது என் வேலை. ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க நானும் அந்த அறையில் நின்றிருந்தேன்.

"மேடம், இதுக்குப் பின்னாடி எத்தனை பேரோட உழைப்பு இருக்கு தெரியுமா?"

"தெரியும் சார். பெட்டி அடுக்கினவங்களும் கஷ்டப்பட்டுத்தான் அடுக்கியிருப்பாங்க."

"சிறுத்தைன்னு ஒரு வார்த்தை போட்டா என்ன குறைஞ்சிடும்?"

"நான் அங்க சிறுத்தையப் பார்க்கலையே."

ஆசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "திருத்தம்னு ரெண்டு வரி போட்டுடுங்கம்மா. விளம்பரம் நின்னா நம்ம எல்லார் வயித்துலயும் அடி."

"போட்டுடலாம் சார். மறுபடி ஒரு தடவ பார்த்துட்டு வந்து எழுதறேன்."

அக்காவும் அவர் நாத்தனாரும் டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தார்கள். நாத்தனார் கார் சீட்டுக்கு உறை தைப்பவர். அன்று வீட்டில் நடந்ததை அவரே பின்னால் எனக்குச் சொன்னார்.

"ரெண்டு வரிதானே அண்ணி. எழுதிக் குடுத்துட்டா என்ன?"

"இன்னைக்குப் பொய் எழுதினா, நாளைக்கு நான் நல்லா இருக்குன்னு எழுதற காரையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"வேலை போயிட்டா?"

"உன்கூட உட்கார்ந்து உறை தைக்கிறேன்."

"உங்களுக்கு நேராத் தைக்க வராது அண்ணி. வேலையிலயே இருங்க."

அடுத்த வாரம் திருத்தம் வந்தது. 'சென்ற வாரம் இந்தக் காரின் பின்னால் சட்டைக்கை தொங்குவதாக எழுதியிருந்தோம். மறுபடி பார்த்ததில், அது கால்சட்டையின் கால் என்று தெரிகிறது. தவறுக்கு வருந்துகிறோம்.'

தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஆசிரியர் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் முழுவதும் படித்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

விளம்பரம் நின்றது. கார் பக்கம் இன்னொருவர் கைக்குப் போனது. முதல் வாரமே சிறுத்தை பாய்ந்தது. அக்காவைக் கீழ்த்தளத்தில், பழைய கார் விற்பனை விளம்பரம் வாங்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். ராஜினாமா செய்வார் என்று எதிர்பார்த்தார்கள். "நான் போயிட்டா அவங்களுக்கு வசதி. நான் எதுக்கு வசதி பண்ணித் தரணும்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அங்கேயும் 'நல்ல நிலையில் உள்ளது' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத அவர் கை போகவில்லை. தெருவில் இறங்கி வண்டியைப் பார்த்துவிட்டு வருவார். கதவு நசுங்கிய கார் ஒன்றைக் கொண்டுவந்த ஓட்டுநர், நசுங்கலைச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். "மறைச்சா வர்றவங்க பார்த்துட்டுத் திரும்பிடுவாங்கண்ணே. சொல்லிட்டா, தெரிஞ்சுதான் வருவாங்க" என்ற அக்கா, 'சண்டையில் காது கிழிந்த பூனை. எலி பிடிப்பதில் குறையில்லை' என்று எழுதினார். கார் விற்றுப்போனது. அதன்பின் வண்டிக்காரர்கள் அக்காவைத் தேடி வந்து வரிசையில் நின்றார்கள்.

ஒருநாள் ஆசிரியர் தாமாகவே படியிறங்கி வந்தார்.

"கார் பக்கத்தைத் திரும்ப எடுத்துக்கங்கம்மா. வாசகர்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அந்தக் கம்பெனிக் காரை மட்டும் விட்டுடுங்க."

"குடுத்தீங்கன்னா அதைத்தான் சார் முதல்ல எழுதுவேன்."

ஆசிரியர் திரும்பிப் படியேறி மாடிக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் அக்காவுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

வரிசையில் அடுத்து ஒரு பெண்மணி, வேன் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். "எங்கேம்மா நிக்குது வண்டி?" என்று கேட்டபடி அக்கா செருப்பை மாட்டினார்.